பிணமில்லாத கேதம்

மேலப்புதூர் மைக் செட் சின்னக்கருப்புக்கு ஐம்பத்து நாலு வயது. பாதி வயதுக்கு மேல் மைக்கோடுதான் கழித்திருக்கிறார். ஆனால் அந்த மைக்கில் அவர் பேசியது மொத்தம் மூன்றே சொல்: ஒன்று, இரண்டு, மூன்று. உற்சாகம் மிகுந்த நாளில் முன்னால் ஒரு "அலோ" சேர்த்துக்கொள்வார். பிறகு மைக்கைத் துண்டால் துடைத்து, பேசத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார்.

பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்து போனார்கள். காலையில் ஒரு கட்சி வந்து இன்னொரு கட்சியைக் கிழிக்கும். சாயங்காலம் அந்த இன்னொரு கட்சி அதே மேடைக்கு வந்து காலையில் வந்த கட்சியைக் கிழிக்கும். இரண்டும் அவருடைய வயர் வழியாகத்தான் போயின. வயரில் ஒன்றும் ஒட்டவில்லை, அவரிடமும் ஒட்டவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒச்சாண்டி டீக்கடை. அங்கே யாராவது, "ஏண்ணே, இதப் பத்தி நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டால், "கரண்டு எப்ப வரும்?" என்று திருப்பிக் கேட்பார்.

தொழிலிலும் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். வெற்றிலை பாக்கோடு யார் வாசலில் வந்து நின்றாலும், "நல்லதா, கெட்டதா?" என்பார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எல்லாம் நல்லது. சாவு வீட்டுக் கேதம் மட்டும் கெட்டது. கட்சிக் கூட்டத்தை ஏன் நல்லதில் சேர்த்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நல்லதுக்குச் சிவப்புப் பென்டிரைவ், கெட்டதுக்குக் கருப்புப் பென்டிரைவ். மூன்றாவது பென்டிரைவ் அவரிடம் கிடையாது.

கருப்பில் இருப்பது ஒப்பாரிப் பாட்டு. மந்தைத் திடல் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருக்கிற நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அது கிளம்பிவிட்டால் ஊர் அடுப்பிலிருப்பதை இறக்கி வைத்துவிடும். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிடுவார்கள். ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தம் வரும் திசைக்கு நடப்பார்கள். யாருக்கு என்று தெரிந்துகொண்டு போகிற வழக்கம் மேலப்புதூரில் இல்லை. போய்த்தான் தெரிந்துகொள்வார்கள்.

வடக்கே எல்லையில் சண்டை தொடங்கி மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. ஒச்சாண்டி கடை டிவியில் அது விடிகாலையில் ஆரம்பித்துக் கடை சாத்தும்வரை நடக்கும், நடுவில் சோப்பு விளம்பரத்துக்கு மட்டும் நிற்கும். முத்தாலம்மன் கோயில் கமிட்டித் தலைவர் குருசாமிக்கு உரக்கடை வியாபாரம். படையை எந்தப் பக்கமாக நகர்த்த வேண்டும் என்று அவர் கையில் வடையை வைத்துக்கொண்டு காட்டுவார். வடை தீர்ந்ததும் படை நின்றுவிடும். அடுத்த வடை வந்ததும் மறுபடி முன்னேறும்.

அந்த வாரம் போனில் ஒரு வீடியோ சுற்றியது. தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆறேழு பேர் 'போரை நிறுத்துங்கள்' என்று அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் கண்ணாடி போட்டு, குடையை ஊன்றி நிற்பது மேலப்புதூர்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானசெல்வி டீச்சர். கடையில் பாதிப் பேர் அவரிடம் காது திருகு வாங்கியவர்கள்.

"பாத்தியாப்பா நம்ம டீச்சரை? பென்சன் வாங்கித் தின்னுட்டு வேற வேலையில்ல."

"எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாக. அப்பவே கழித்தல் கணக்காத்தேன் போடச் சொல்லுவாக."

"சோறு திங்கிறது இங்கன, பேச்சு அங்கனயா? சண்டை வேணாங்கிறவன் பூராம் அந்தப் பக்கத்து ஆளுதேன்," என்றார் குருசாமி.

"அப்ப எம் பொண்டாட்டி அந்தப் பக்கத்து ஆளு," என்றார் ஒச்சாண்டி. "தெனம் வேணாங்கிறா. நாந்தேன் விட மாட்டேங்கிறேன்."

"சண்டை நடக்கையில பேசக் கூடாதுப்பா. முடிஞ்சப்பெறகு பேசலாம்."

"முடிஞ்சப்பெறகு என்னத்தப் பேச?"

அதற்குள் எல்லாரும் டிவி பக்கம் திரும்பிவிட்டார்கள். சோப்பு விளம்பரம் முடிந்துவிட்டது.

சின்னக்கருப்பு மூலையில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே டீச்சர் அவர் வாசலுக்கு வந்தார், தட்டில் வெற்றிலை பாக்கோடு.

"ஞாயித்துக்கெழமை மந்தையில ஒரு கூட்டம், சின்னக்கருப்பு. உங்க மைக் வேணும்."

"நல்லதா டீச்சர், கெட்டதா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சண்டையில செத்தவுகளுக்கு அஞ்சலி செலுத்திட்டு, அப்புறம் நாலு வார்த்தை பேசணும். கெட்டதுன்னே வச்சுக்கங்க. மொதல்ல அதுக்குத் தக்கன ஏதாச்சும் பாட்டுப் போட்ருங்க."

சரி என்று தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவர் பரம்பரையில் இல்லை. அவர் பரம்பரையே அவரிடம்தான் தொடங்குகிறது என்பது வேறு விஷயம்.

மறுநாள் குருசாமி வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

"ஏப்பா கருப்பு, அந்தம்மா வெத்தலையத் திருப்பிக் குடுத்துரு."

"மென்னுட்டேனே."

"வேற வாங்கிக் குடு."

"அது நான் வாங்குன வெத்தலையாயிருமில்ல?"

"எகத்தாளமா?" குருசாமி குரலை இறக்கினார். "இந்தா பாரு. அந்தக் கூட்டத்துக்கு நீ கொழாய் கட்டுனீன்னா, முத்தாலம்மன் பொங்கலுக்குக் கம்பம் டவுனுல இருந்து டிஜே பாக்ஸ் வரும். ஒன் கொழாயெல்லாம் கோழி அடைய வச்சுக்க."

அவர் போன பிறகு சின்னக்கருப்பு தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். வாலிபத்தில் முதன்முதலாகக் குழாய் கட்டியது முத்தாலம்மனுக்குத்தான். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பொங்கலுக்கு வந்து காதால் கேட்டுவிட்டுத்தான் தங்கள் ஊருக்கு அவரைக் கூப்பிடுவார்கள். சொந்த ஊர் சாமியே வேண்டாம் என்ற செட்டை அனுமந்தன்பட்டிக்காரன் கூப்பிடுவானா? அவர் மனைவி நாகஜோதியும் அதையேதான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"வாய் தொறந்து முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா?"

"சொல்லிப் பழக்கமில்லையே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குருசாமி காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அனுமதி இல்லாத கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது என்று சொல்லிவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஊரும் கூட்டத்துக்குப் போவதில்லை என்று பேசி வைத்திருந்தது. மந்தையில் டீச்சர், அவர் அண்ணன் மகள் பிரின்சி, தேனியிலிருந்து வந்த நாலைந்து பேர். விரித்த ஜமுக்காளத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அன்றைய பொதுமக்கள் அது மட்டும்தான்.

சின்னக்கருப்பு வயரைச் சொருகினார். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். செத்தவர்களுக்குத் தக்க பாட்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். கெட்டது என்றும் சொல்லியிருந்தார். அவர் கை யோசிக்காமல் கருப்புப் பென்டிரைவை எடுத்துச் சொருகியது.

நாலு குழாயும் அழ ஆரம்பித்தன.

டீக்கடையில் ஒச்சாண்டி டிவியை அமர்த்தினார். "எவரோ போயிட்டாகப்பா. டீச்சர் கூட்டமும் போச்சு," என்று அடுப்பை அணைத்தார். எல்லாரும் துண்டைத் தேடினார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து இறங்கி வந்த ஜீப்புகள் ஊர் எல்லையிலேயே நின்றன. கூடையும் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் இறங்கி நடந்தார்கள்.

முதலில் மந்தைக்கு வந்தவள் பஞ்சம்மாள். சுற்றுவட்டாரத்தில் பெரிய கேதம் என்றால் அவள் இல்லாமல் நடக்காது. ஒப்பாரியில் அவ்வளவு பேர்.

"யாருக்குய்யா?" என்று சின்னக்கருப்பைக் கேட்டாள். கூட்டம் யாருடையது என்று கேட்கிறாளாக்கும் என நினைத்து அவர் டீச்சரைக் காட்டினார். பஞ்சம்மாள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. நேராகப் போய் டீச்சரைக் கட்டிப் பிடித்துக் குரலெடுத்தாள். டீச்சர் ஒரு கையில் பேச்சுத்தாளும் ஒரு கையில் குடையுமாகத் திகைத்து நின்றார். பின்னால் வந்த ஜீப்புப் பெண்கள் அதைப் பார்த்ததும் வட்டமாகச் சேர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு அழத் தொடங்கிவிட்டார்கள். நாய் எழுந்து ஓரமாகப் போனது.

பிரின்சி ஓடி வந்தாள். "அங்கிள், பாட்டை நிறுத்துங்க. எல்லாரும் யாரோ செத்துட்டாங்கன்னு நெனைச்சு வர்றாங்க!"

சின்னக்கருப்பு மந்தையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் விளங்கியது. லாரியில் ஏற்றிக் கொண்டுவராமல் ஒரு கூட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்து அவர் பார்த்ததே இல்லை. ஆண்கள் வந்து வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மொபெட்டைச் சாய்த்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு குருசாமியும் வந்து நடுவில் உட்கார்ந்தார்.

"நெசமாவே செத்துத்தானம்மா இருக்காக," என்றார் சின்னக்கருப்பு. பாட்டை நிறுத்தவில்லை.

அப்போதுதான் வடக்குத் தெருவிலிருந்து பாண்டீஸ்வரி வந்தாள்.

காலில் செருப்பில்லை. கை முழங்கைவரை மாவு. அவள் புருஷன் விஜய்பாண்டி பட்டாளத்தில் இருக்கிறான், எல்லையில். பத்து நாளாக அவன் போன் அணைந்து கிடக்கிறது. அவள் யாரிடமும் "யாருக்கு?" என்று கேட்கவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாருக்கும் எதுவும் தெரியாததால் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் விலகி வழி மட்டும் விட்டார்கள். வழி விட விட அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

சின்னக்கருப்பு பென்டிரைவைப் பிடுங்கினார். பாதிச் சொல்லில் குழாய்கள் நின்றன. மைக்கை எடுத்தவர் வழக்கம் மாறாமல் "ஒன்னு" என்றார். பிறகு நிறுத்தினார்.

"பாண்டீஸ்வரி... ஒனக்கு இல்லத்தா. விஜய்பாண்டிக்குன்னு ஒன்னும் வரல. நம்ம ஊர்ல யாரும் சாகலத்தா."

நாலு குழாயும் அதை மலைவரை கொண்டுபோய், அங்கிருந்து ஒரு தடவை திருப்பிச் சொல்லின. சின்னக்கருப்பு இப்படியும் பேசுவாரா என்று ஊரே அவரைப் பார்த்தது. பாண்டீஸ்வரி மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூச்சு திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், கையில் ஒட்டியிருந்த மாவை வழித்து அவர் மேல் எறிந்தது.

"அறிவிருக்கா சின்னையா ஒங்களுக்கு? கூறுகெட்ட மனுசா! தெருவுல ஓடி வரையில என் உசுரு எங்கிட்டு இருந்துச்சு தெரியுமா? எவன் வீட்டுக் கேதம்னு போட்டீக இதை?"

அவர் சட்டையில் மாவோடு நின்றார். பதில் சொல்ல வேண்டியவர் டீச்சர்தான். பஞ்சம்மாளின் பிடியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான் பாண்டீஸ்வரி. அங்கன சண்டையில செத்தவுகளுக்காகக் கூடினோம். இப்படியாகும்னு நெனைக்கல, தாயி."

குருசாமி துள்ளி எழுந்தார். "அப்ப இது அந்தக் கூட்டமா? ஏமாத்தியா உக்கார வச்சீக? ஏலே, எந்திரிங்கடா எல்லாரும்! எந்தப் பக்கத்துக்காரன் சாவுக்கு நாம உக்காந்து அழுகுறது?"

நாலைந்து பேர் எழுந்தார்கள். பஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏண்டா குருசாமி, கேதத்துக்கு வந்துட்டு வம்சம் விசாரிக்கிறியோ? நான் பாதி ஒப்பாரியில நிக்கேன். பாதியில விட்டுப்புட்டு எந்திரிச்சா மிச்சத்தை எந்த வீட்டுல போயிப் பாட? ஒன் வீட்டுலயா?"

எழுந்தவர்களின் கண்கள் பாண்டீஸ்வரி பக்கம் போயின. அவள் எழுந்து போயிருந்தால் மந்தை காலியாகியிருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"முடிச்சுட்டே போவோம், அத்தை," என்றாள். "வேற எவளோ ஒருத்திக்கு இன்னைக்கு 'ஒனக்கு இல்லத்தா'ன்னு சொல்ல ஆளிருந்திருக்காது."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பஞ்சம்மாள் மறுபடி குரலெடுத்தாள், இந்தத் தடவை மைக் இல்லாமல். பேர் தெரியாதது அவளுக்கு ஒரு குறையே இல்லை. பாதி வீடுகளில் பேர் கேட்காமலே அழுதுவிட்டு வந்தவள்தான். என் மகனே என்றாள், என் சாமியே என்றாள், தாகத்துக்குத் தண்ணி கேட்டியா என்றாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தார், அழுகிற பெண்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இங்கன ஏதோ போராட்டம்னு போன் வந்துச்சே. யாருப்பா குருசாமி?"

நடுவரிசையில் துண்டோடு உட்கார்ந்திருந்த குருசாமி மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"போராட்டம் எங்கய்யா?"

குருசாமி டீச்சரைப் பார்த்தார், பாண்டீஸ்வரியைப் பார்த்தார். போராட்டம் இதுதான் என்றால், கமிட்டித் தலைவர் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்பது அடுத்த கேள்வியாக வரும்.

"போராட்டமெல்லாம் இல்லைங்க ஏட்டையா," என்றார். "கேதம்."

"யாரு தவறிட்டாக?"

"அது... நெறையப் பேருங்க."

ஏட்டு ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார். கேத வீட்டில் அதற்கு மேல் விசாரிப்பது முறையில்லை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். கேதத்திலிருந்து அப்படித்தான் போக வேண்டும்.

டீச்சர் பேச்சுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பேசவே இல்லை. கேதத்துக்கு வந்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் போக முடியாது. அதனால் ஊர் முழுக்கக் குளிக்கப் போனது. வாய்க்கால் போதாமல் குருசாமி தோட்டத்து மோட்டாரைப் போட வேண்டியதாயிற்று. குருசாமி முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தார்.

மறுநாள் டீக்கடையில் யாரும் போராட்டத்துக்குப் போனதாக ஒத்துக்கொள்ளவில்லை. கேதத்துக்குத்தான் போயிருந்தார்கள். டிவியில் வேறோர் ஊரில் சிலர் அட்டை பிடித்து நிற்பதைக் காட்டியபோது, "இவுகள எல்லாம் நாடு கடத்தணும்," என்று ஒருவர் ஆரம்பித்தார். "நீ நேத்துக் குளிச்சியா இல்லையா, மொதல்ல அதச் சொல்லு," என்றார் ஒச்சாண்டி. ஆரம்பித்தவர் டீயைக் குடித்தார்.

பாண்டீஸ்வரி காலையிலேயே சின்னக்கருப்பு வாசலுக்கு வந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வரவில்லை.

"சின்னையா, ஊர்ல சாவு விழத்தான் செய்யும். பாட்டுப் போட வேணாங்கல. ஆனா மொதல்ல யாருன்னு வாயால சொல்லிட்டுப் போடுங்க. அந்தப் பாட்டுக்கும் நான் வாசலுக்கு ஓடி வாரதுக்கும் நடுவுல ஒரு வார்த்தை இருக்கட்டும்."

அவர் தலையை ஆட்டினார்.

அந்த வார்த்தைக்குச் சீக்கிரமே வேலை வந்தது. குருசாமியின் சித்தப்பா போய்ச் சேர்ந்தார், வயதான சாவு. குருசாமியே வெற்றிலையோடு வந்து வாசலில் நின்றார். டிஜே பாக்ஸில் ஒப்பாரி வைக்க ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ. நாகஜோதி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். சின்னக்கருப்பு வழக்கம்போல, "நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். குருசாமி முறைத்தார். "கெட்டது," என்றார்.

குழாயில் முதலில் ஒன்று, இரண்டு, மூன்று வந்தது. பிறகு, "பாண்டீஸ்வரி, ஒனக்கு இல்லத்தா." அதற்குப் பிறகுதான், "குருசாமி சித்தப்பா தவறிட்டாக."

"செத்தது எங்க சித்தப்பா. மொதப் பேரு அவளுக்கா?" என்று குருசாமி கேதத்தின் நடுவிலும் கோபித்துக்கொண்டார்.

"சித்தப்பா ஒன்னும் சொல்லலையே," என்றார் சின்னக்கருப்பு.

பொங்கல் வந்தபோது கமிட்டியில் டிஜே பேச்சு எழத்தான் செய்தது. இளவட்டங்கள் ஆசைப்பட்டார்கள். சின்னக்கருப்பை ஏன் நிறுத்த வேண்டும் என்று காரணம் கேட்டபோது குருசாமியால் சொல்ல முடியவில்லை. கேதத்துக்குக் குழாய் கட்டியதை யார் குற்றம் என்பார்கள்? அவரே உட்கார்ந்து அழுது, தலையும் முழுகிய கேதம் அது. "பழைய ஆளே கட்டட்டும்," என்று சுருக்கமாக முடித்தார்.

திருவிழாவை அறிவிக்கும் சாட்டு நாளன்று தொட்டி மேல் ஏறிக் குழாய்களைத் துடைத்துக் கட்டினார் சின்னக்கருப்பு. சிவப்புப் பென்டிரைவைக் கையில் எடுத்து இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொருகினார். விஜய்பாண்டி நடுவில் ஒரு தடவை போனில் பேசியிருந்தான், அதுவும் பாதியில் அறுந்துபோனது. எல்லையில் சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது.

"ஒன்னு, ரெண்டு, மூணு," என்றார் மைக்கில். "பாண்டீஸ்வரி, இது பொங்கப் பாட்டுத்தா."

வடக்குத் தெருவில் அவள் மாவு பிசைந்தபடியே, "அம்மன் பாட்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும்," என்று சுவரிடம் சொன்னாள். கை நிற்கவில்லை.

டீக்கடையில் ஒச்சாண்டி டம்ளரைச் சின்னக்கருப்பு முன்னால் வைத்தார். "ஏண்ணே, இப்பத்தேன் நீயும் பேச ஆரம்பிச்சிட்டியே. இந்தச் சண்டையப் பத்தி நீ என்னதேன் நெனைக்கிற? நடக்கணுமா, நிக்கணுமா?"

கடையே திரும்பிப் பார்த்தது. குருசாமியும் வடையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். சின்னக்கருப்பு டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"நின்னா எனக்கு மைக்குல பாண்டீஸ்வரிக்குச் சொல்ற ஒரு வரி மிச்சம்," என்றார்.